அத்தியாயம் 6: அறுவையில் எடுத்த சிறுகுடல் துண்டு – பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

எடைக்குறைப்பு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வருகிறது. எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைக்க வேண்டும். மெழுகுக் கட்டியில் பதிக்க வேண்டும். சில மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்ற வேண்டும். அதன் பிறகே பெத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுத முடியும். அதற்குள் நோயாளி வீட்டில் மோரும் வடிகட்டிய சூப்புமாகக் குடித்துக்கொண்டிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் ‘ஹெச்பிஇ ரிப்போர்ட் அவெய்ட்டட்’ (திசுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை) என்று ஒரு வரி இருக்கும். அதைக் கவனிப்பவர் குறைவு.

பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் ரிப்போர்ட்டை வாங்கவே மறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை இரவில் தனியாகத் திறந்து, புரியாத ஒரு வரியை கூகுளில் போட்டு, ‘சீலியாக்’ என்ற பெயரைக் கண்டு, மறுநாள் காலையிலிருந்து சப்பாத்தியை நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது ஆபத்தானது. இரண்டாவது, ஏற்கெனவே சில கவளம் மட்டுமே உள்ளே போகிற ஒருவரின் தட்டை மேலும் குறுக்குகிறது. பின்னால் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையையும் கெடுக்கிறது. ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது, எந்த வரியைப் பார்த்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுவது, எந்த வரி அடுத்த செக்கப் வரை காத்திருக்கலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

துண்டு எங்கிருந்து வந்தது

படிக்க வேண்டிய முதல் வரி முடிவு வரி இல்லை. ‘ஸ்பெசிமன்’ என்று தொடங்கும் வரி. உங்களுக்குச் செய்த அறுவைக்கும் அந்த வரிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். சிறுகுடலைத் தொடுவதில்லை. எனவே ஸ்லீவ் செய்துகொண்டவரின் ரிப்போர்ட்டில் சிறுகுடல் என்று இருந்தால், அது அறுவைக்கு முன் செய்த எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த, சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தின் துணுக்காக இருக்கும். அப்படியும் எதுவும் எடுக்கவில்லையென்றால் பெயரும் பதிவு எண்ணும் சரிதானா என்று லேபில் கேளுங்கள்.

ரூ-என்-ஒய் பைபாஸில் நிலைமை வேறு. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கி, டியோடினத்தைத் தாண்டி வரும் ஜெஜூனத்தை வெட்டி, கீழ்முனையைப் பையோடும், மேல்முனையைச் சற்றுத் தள்ளிக் குடலோடும் இணைக்கிறார்கள். இணைப்புக்கு அருகே நீட்டிக்கொண்டிருக்கும் குடல் நுனியைச் சில சர்ஜன்கள் நறுக்கிவிடுவார்கள். வட்டமான ஸ்டேப்ளர் பயன்படுத்தினால் இரண்டு சிறு திசு வளையங்கள் கிடைக்கும். அவற்றை லேபுக்கு அனுப்புவோரும் உண்டு, அனுப்பாதவரும் உண்டு. ரிப்போர்ட் வரவில்லை என்றால் திசு அனுப்பப்பட்டதா என்று கேட்பதே முதல் வேலை.

டியோடினமா ஜெஜூனமா என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பின்னால் வரும் லிம்போசைட் எண்ணிக்கையைப் படிக்கும்போது அதுதான் பெரிய விஷயம்.

அதே பக்கத்தில் ‘கிளினிக்கல் டீட்டெய்ல்ஸ்’ என்ற கட்டம் இருக்கும். பல ரிப்போர்ட்களில் ‘மார்பிட் ஒபிசிட்டி’ என்ற இரண்டு சொல்லோடு அது முடிந்துவிடும். சாப்பிடும் மாத்திரைகள், முன்பிருந்த வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, தைராய்டு எதுவும் இருக்காது. ஒன்றும் தெரியாமல் பார்த்த பெத்தாலஜிஸ்ட், தான் கண்டதை எழுதிவிட்டு ‘கிளினிக்கல் கோரிலேஷன் அட்வைஸ்டு’ என்று முடிப்பார். அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. மீதித் தகவல் உங்களிடமும் உங்கள் டாக்டரிடமும் இருக்கிறது என்று சொல்கிறார்.

முதலில் வடிவம், பிறகு எண்ணிக்கை

சிறுகுடலின் உட்சுவரில் டவலின் நூல் வளையங்கள்போல நெருக்கமாக நிற்கின்றன குடலுறிஞ்சிகள். ரிப்போர்ட்டில் இவை ‘வில்லை’. இவற்றின் அடியில் புதிய செல்கள் பிறக்கும் குழிகள் ‘கிரிப்ட்’. நல்ல நிலையில் உள்ள ஜெஜூனத்தில் குடலுறிஞ்சியின் உயரம், குழியின் ஆழத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும்.

‘வில்லஸ் ஆர்க்கிடெக்சர் பிரிசர்வ்டு’ என்றால் வடிவம் குலையவில்லை. ரிப்போர்ட்டில் வேறு என்ன இருந்தாலும், இந்த ஒரு வரி உறிஞ்சும் பரப்பு அப்படியே இருக்கிறது என்று சொல்கிறது. ‘வில்லஸ் பிளன்ட்டிங்’ அல்லது ‘அட்ரஃபி’ என்றால் உயரம் குறைந்திருக்கிறது. கூடவே ‘கிரிப்ட் ஹைப்பர்பிளேசியா’ என்றும் இருந்தால், அழியும் செல்களை ஈடுகட்டக் குழிகள் ஆழமாகி வேலை செய்கின்றன என்று பொருள். இந்த இரண்டும் சேர்ந்து வந்த ரிப்போர்ட்டோடு குடல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் வடிவத்தைப் பற்றிய வரியும் ஏமாற்றக்கூடும். திசுவை நேர்குத்தாக வைத்துச் சீவாமல் சாய்வாகச் சீவினால் உயரமான குடலுறிஞ்சியும் குட்டையாகத் தெரியும். அடியில் நிணநீர்த் திசுத்திரள் இருக்கும் இடத்திலும், டியோடினத்தில் புரூனர் சுரப்பிகள் இருக்கும் இடத்திலும் குடலுறிஞ்சிகள் இயல்பாகவே தட்டையாகும். ஸ்டேப்ளர் நசுக்கிய ஓரத்தையும் மின்கத்தி சுட்ட ஓரத்தையும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ‘ஃபோக்கல் பிளன்ட்டிங்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பெத்தாலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நேராக அமைந்த குடலுறிஞ்சிகள் ஸ்லைடில் எத்தனை இடத்தில் இருந்தன, அவை எப்படி இருந்தன?

பயமுறுத்தும் அந்த வரி

எடைக்குறைப்பு அறுவையில் கிடைத்த சிறுகுடல் ரிப்போர்ட்டில் நோயாளிகளை அதிகம் கலங்கவைப்பது ‘இன்கிரீஸ்டு இன்ட்ராஎபிதீலியல் லிம்போசைட்ஸ்’ என்ற வரி. சுருக்கமாக ஐஈஎல் என்று எழுதுவார்கள். குடலுறிஞ்சிகளைப் போர்த்தியிருக்கும் செல் வரிசைக்கு நடுவே வெள்ளணு வகையைச் சேர்ந்த லிம்போசைட்டுகள் காவலுக்கு நிற்பது இயல்பு. உணவோடு வரும் கிருமிகளையும் அந்நியப் புரதங்களையும் முதலில் சந்திப்பவை அவைதான். அவை வழக்கத்தைவிடக் கூடியிருக்கின்றன என்பதுதான் இந்த வரியின் செய்தி.

எத்தனை இருந்தால் கூடுதல்? நூறு மேற்பரப்பு செல்களுக்கு 25-க்கு மேல் என்று இன்றைய ரிப்போர்ட்கள் கணக்கிடுகின்றன. இந்த 25 என்ற வரம்பு டியோடினம் துணுக்குகளை வைத்து வந்தது. 1971-இல் ஜெஜூனம் துணுக்குகளை எண்ணியபோது வகுத்த வரம்பு 40. மைக்கேல் மார்ஷ் 1992-இல் சீலியாக் நோயின் குடல் மாற்றங்களைப் படிநிலைகளாகப் பிரித்தார். 1999-இல் ஓபர்ஹூபர் அதைத் திருத்தியபோதும் 40 என்ற எண்தான் இருந்தது. பிறகுதான் 25 என்று இறங்கியது. உங்கள் துண்டு ஜெஜூனமாக இருந்து, எண்ணிக்கை 28 அல்லது 32 என்று வந்திருந்தால், டியோடினத்தின் அளவுகோலால் அளந்திருக்கிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. எண்ணிக்கையே போடாமல் ‘மைல்டுலி இன்கிரீஸ்டு’ என்று மட்டும் இருந்தால், எண்ணிச் சொல்லக் கேட்கலாம். தேவைப்பட்டால் சிடி3 என்ற சாயத்தால் லிம்போசைட்டுகளைத் தனித்துக் காட்டி எண்ணுவார்கள்.

எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். இயல்பான குடலில் இவை குடலுறிஞ்சியின் அடியிலும் பக்கத்திலும் அதிகமாகவும், நுனியில் குறைவாகவும் இருக்கும். சீலியாக்கில் நுனிவரை ஒரே சீராகப் பரவும், அல்லது நுனியில் கூடும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். உடல்பருமனே இந்த எண்ணிக்கையைக் கூட்டக்கூடும். 2007-இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, மிகையான உடல்பருமன் கொண்டவர்களின் சிறுகுடலில் வடிவம் முழுமையாக இருக்கும்போதே லிம்போசைட்டுகள் கூடியிருக்கக்கூடும் என்று காட்டியது. 2015-இல் பாரிஸ் குழு ஒன்று, பைபாஸின்போது எடுத்த ஜெஜூனத்திலேயே டி வகை லிம்போசைட்டுகள் அதிகரித்திருப்பதையும், குடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாததோடு அது தொடர்புகொண்டிருப்பதையும் காட்டியது. அதிக எடையோடு வரும் மெல்லிய அழற்சி கொழுப்பிலும் கல்லீரலிலும் மட்டும் இருப்பதில்லை. குடல் சுவரிலும் இருக்கிறது.

எனவே, வடிவம் சரி, லிம்போசைட் மட்டும் கூடுதல் என்ற ரிப்போர்ட், பைபாஸ் செய்துகொண்ட ஒருவருக்கு வந்தால், என் பார்வையில் அது சீலியாக் என்ற முடிவு அல்ல. ஒரு ரத்தப் பரிசோதனைக்கான சீட்டு. அதைத் தாண்டி அதற்கு அர்த்தம் ஏற்றாதீர்கள். ‘மார்ஷ் 1’ என்று அடைப்புக்குள் போட்டிருந்தாலும் இதே பதில்தான். மார்ஷ் எண் ஒரு தோற்றத்தின் பெயர். அந்தத் தோற்றத்துக்குக் காரணம் பல. பெரும்பாலோருக்கு அந்தக் காரணம் சீலியாக்காக இருப்பதில்லை.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் திரும்பி, குடலுறிஞ்சிகளை அழிப்பது. பருமனானவர்களுக்கு அது வராது என்ற பழைய எண்ணம் தவறு. கண்டறியப்படும்போது அதிக எடையோடு இருந்தவர்கள் உண்டு. பைபாஸுக்குப் பிறகு முதன்முறையாக வெளிப்பட்டவர்களும் உண்டு. எனவே பரிசோதிக்காமல் விடக்கூடாது.

கேட்க வேண்டியது டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ அளவு. இரண்டாவதை லேப்கள் தாமாகச் செய்வதில்லை. சீட்டில் எழுதி வாங்குங்கள். உடலில் ஐஜிஏ இயல்பாகவே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக ‘நெகட்டிவ்’ என்று வரும். அவர்களுக்கு ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும். முடிவு குழப்பமாக இருந்தால் ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை உதவும். அந்த இரண்டும் இல்லையென்றால் சீலியாக் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இருந்தால் மட்டும் நோய் இருப்பதாகாது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மரபணுவோடுதான் நலமாக வாழ்கிறார்கள்.

இந்த ரத்தப் பரிசோதனைகளில் மரபணுப் பரிசோதனையும் மொத்த ஐஜிஏ அளவும் தவிர மற்றவை நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாக வரும். இங்கேதான் நம் ஊரில் தனிச் சிக்கல். அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்கச் சில வாரம் புரத பானத்திலேயே இருப்பார்கள். அறுவைக்குப் பின் திரவம், பிறகு மசித்த உணவு, பிறகு குழைந்த சோறு. இட்லி, இடியாப்பம் எதிலும் குளூட்டன் கிடையாது. ஒரு தமிழ்க் குடும்பத்தில் பைபாஸ் செய்தவர் எண்ணிச் செய்யாமலேயே சில மாதம் குளூட்டன் இல்லாத உணவில் இருந்துவிட முடியும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில், கடந்த சில வாரத்தில் சப்பாத்தி, ரவை, சேமியா, ரொட்டி, கோதுமைக் கஞ்சி எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். அறுவைக்கு முன் எடுத்த ரத்தத்தில் மீதி லேபில் சேமிப்பில் இருந்தால் அதிலேயே பரிசோதிக்க முடியுமா என்று கேட்பது இன்னும் நல்லது.

எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பீர்கள். இந்தியாவின் மூன்று பகுதிகளில் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களிடையே சீலியாக் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம் என்று வந்தது. மரபணு எல்லாப் பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. சாப்பிடும் கோதுமையின் அளவுதான் வெகுவாக மாறியது. தெற்கே இப்போது இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும், வெளிச் சாப்பாடு பரோட்டாவாகவும் மாறிவருவதை நினைத்தால், இந்த எண்ணைச் சாக்காக வைத்துப் பரிசோதனையைத் தவிர்ப்பது சரியில்லை.

பரிசோதனையில் சீலியாக் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுக்க நிறுத்த வேண்டும், அரைகுறையாக அல்ல. அப்போது சோறு, சிறுதானியம், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் தடையில்லை. கவனிக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்கள்: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு, சோயா சாஸிலும் கோதுமை இருக்கும். உணவு ஆலோசகரோடு உட்கார்ந்து, பைபாஸுக்கான புரதக் கணக்கையும் குளூட்டன் தவிர்ப்பையும் ஒரே பட்டியலில் பொருத்திக்கொள்ளுங்கள்.

சீலியாக் இல்லையென்றால் வேறு என்ன

மாத்திரைப் பெட்டியை எடுத்து மேசையில் வையுங்கள். எடை அதிகமுள்ளவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவற்றில் ஒல்மிசார்ட்டன் என்ற மருந்து, சிலருக்குப் பல மாதம், பல ஆண்டு கழித்துக்கூட, சீலியாக்கைப் போலவே குடலுறிஞ்சிகளைச் சிதைக்கும். 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் இப்படிப்பட்ட 22 பேரைப் பற்றி எழுதியது. 2013-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. டிடிஜி நெகட்டிவ், ஆனால் வடிவம் குலைந்திருக்கிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் மாத்திரை அட்டையின் பின்புறம் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். கம்பெனி வைத்த பெயரில் இது தெரியாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் வேறு மருந்து மாற்றித் தருவார்.

மூட்டுவலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலிமாத்திரைகளும் லிம்போசைட்டைக் கூட்டும். பைபாஸ் செய்தவர்கள் அவற்றை எப்படியும் விட்டுவிட வேண்டும். இரைப்பையில் எச். பைலோரி கிருமி, தைராய்டின் தன்னெதிர்ப்பு நோய், முதல் வகைச் சர்க்கரை நோய், சிறுகுடலில் பாக்டீரியா பெருகுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும், அவரோடும் அவருக்குப் பின்னும் வி. ஐ. மாத்தனும் 1960-கள் முதல் செய்த ஆய்வுகள், எந்த வயிற்றுக்கோளாறும் இல்லாத தென்னிந்தியர்களின் ஜெஜூனத்திலேயே குடலுறிஞ்சிகள் மேலைநாட்டவரைவிடக் குட்டையாகவும் அகலமாகவும், அழற்சி செல்கள் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டின. சுற்றுச்சூழல் கிருமிகளோடு குடல் இடைவிடாமல் பழகுவதன் விளைவு அது. ரிப்போர்ட்டை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அங்குள்ள டாக்டரிடம் காட்டி ‘அசாதாரணம்’ என்ற பதில் வாங்கிவந்தால், இதை நினைவில் வையுங்கள். ஆனால் எடையும் ரத்தமும் வேகமாக இறங்கி, கொழுப்பு மிதக்கும் வயிற்றுப்போக்கு இருந்தால் அது டிராப்பிக்கல் ஸ்ப்ரூவாக இருக்கலாம். ஃபோலேட், பி12, சில மாத ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றால் சரியாகக்கூடிய நோய் அது.

புழுவும் புரோட்டோசோவாவும் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ஜியார்டியா’ என்றிருந்தால் சில நாள் மாத்திரையில் தீரும். ‘இயோசினோஃபில்ஸ் இன்கிரீஸ்டு’ என்று இருந்தாலோ, ‘ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்’ என்றே எழுதியிருந்தாலோ, அதைச் சாதாரணப் பூச்சி மாத்திரைக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. இந்தப் புழு உடலுக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல்லாண்டு இருக்கும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு கொடுத்தால் உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஐவர்மெக்டின் அதற்கான மருந்து. ஸ்டீராய்டு எடுக்க நேர்ந்தால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் எடுக்காதீர்கள்.

கவலை வேண்டாத வரிகள்

‘கன்ஜெஷன்’, ‘எடிமா’, ‘ஃபோக்கல் ஹெமரேஜ்’ ஆகியவை பெரும்பாலும் அறுவையின்போது குடலைப் பிடித்து நகர்த்தியதன் தடயம். மேற்பரப்பை ஒட்டிச் சில நியூட்ரோஃபில்கள் இருப்பதும் அப்படித்தான். அறுவை நீளும்போது அவை திசுவில் வந்து சேரும். ‘டைலேட்டட் லேக்டியல்ஸ்’ என்று ஓரிரு இடத்தில் இருந்தால் கொழுப்பை எடுத்துச்செல்லும் குழல்கள் சற்று விரிந்திருக்கின்றன, அவ்வளவே. ‘ஹெட்டெரோடோப்பிக் பேன்கிரியாஸ்’ என்றால் கருவிலேயே கணையத் திசுவின் துளி ஒன்று இடம்மாறிக் குடல் சுவரில் தங்கிவிட்டது, புற்று இல்லை. டியோடினத்தில் ‘சூடோமெலனோசிஸ்’ என்ற கறுப்புப் புள்ளிகள் இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் காணப்படும். புள்ளிகளுக்கு வைத்தியம் தேவையில்லை.

அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டிய வரிகள்

‘கிரானுலோமா’. நம் நாட்டில் இந்த வரிக்கு முதல் கேள்வி காசநோய். ‘கேசியேட்டிங்’ என்றிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கேசியேஷன் இல்லாவிட்டாலும் விலகுவதில்லை. ஏஎஃப்பி சாயம் போட்டார்களா, ஜீன்எக்ஸ்பெர்ட் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கல்ச்சருக்குத் திசு ஃபார்மலினில் போகக் கூடாது, சலைனில் போக வேண்டும். முழுத் துண்டும் ஃபார்மலினில் போய்விட்டிருந்தால் மார்பு எக்ஸ்ரே, ஸ்கேன், தேவைப்பட்டால் மீண்டும் திசு என்று தேட வேண்டியிருக்கும். குரோன்ஸ் நோயும் கிரானுலோமா உண்டாக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். குரோன்ஸுக்கான ஸ்டீராய்டு காசநோயைப் பரப்பிவிடும். ஆகவே இதில் அவசரமாகத் தேட வேண்டும், அவசரமாக மருந்து தொடங்கக் கூடாது. காசநோய் என்றால் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம்; முழுமையாகக் குணமாகும்.

‘நியூரோஎண்டோகிரைன் டியூமர்’. ‘கிரேடு’ம் ‘கேஐ-67’ என்ற சதவீதமும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சிறுகுடலில் இவ்வகைக் கட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டும் இருப்பதுண்டு. அறுவையின்போது மீதிக் குடலைச் சர்ஜன் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். வளர்ச்சி மெதுவானது, முறையாகப் பின்தொடர்ந்தால் பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

‘ஜிஸ்ட்’. இந்தக் கட்டி இரைப்பைத் துண்டில்தான் அதிகம் தற்செயலாகக் கிடைக்கும். பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அளவும், பிளவுறும் செல்களின் (மைட்டோசிஸ்) எண்ணிக்கையும் ஆபத்தைச் சொல்லும். அதே அளவு கட்டி சிறுகுடலில் இருந்தால் இரைப்பையில் இருப்பதைவிட ஆபத்து கூடுதல். புற்றுநோய் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதே சரி.

‘இஸ்கீமிக் நெக்ரோசிஸ்’. முதல் அறுவையில் இது வராது. பைபாஸ் செய்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, குடல் தவறான இடைவெளிக்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டு, அவசர அறுவையில் வெட்டி எடுத்த துண்டில் வரும். எடை குறையும்போது குடலைத் தாங்கும் கொழுப்பும் கரைவதால் அந்த இடைவெளிகள் பெரிதாகின்றன. இங்கே ரிப்போர்ட்டில் தேட வேண்டியவை இரண்டு. வெட்டிய ஓரங்கள் உயிரோட்டத்தோடு இருக்கின்றனவா, அதாவது ‘மார்ஜின்ஸ் வயபிள்’ என்ற வரி இருக்கிறதா? வெட்டி எடுத்த நீளம் எவ்வளவு? அந்த நீளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜனிடம் கேளுங்கள்: உணவு போகும் குடலில் மீதி எத்தனை சென்டிமீட்டர், பித்தம் வரும் குடலில் எத்தனை, இரண்டும் சேர்ந்தபின் எத்தனை? மூன்று எண்களையும் சம்மரியில் எழுதி வாங்குங்கள். மொத்தமாக 200 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் உடலுக்குத் தேவையானதை உறிஞ்சிக்கொள்ளப் போதாமல் போகலாம். அங்கிருந்து உணவும் மருந்தும் வேறு கணக்கு.

பல மாதம் கழித்து எடுக்கும் துணுக்கு

பைபாஸுக்குப் பிறகு வாய்வழி எண்டோஸ்கோப் போனால் அது சிறு பையைத் தாண்டி ஜெஜூனத்துக்குள்தான் இறங்கும். டியோடினம் பாதையில் இல்லை. அதனால் ‘டியோடினல் பயாப்ஸி’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் அது தவறு. லேபுக்கு அனுப்பும் தாளில் பைபாஸ் செய்தவர் என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஜெஜூனத்தின் உட்சுவர் இயல்பைவிடத் தடித்துச் செல்கள் பெருகியிருக்கலாம். இரைப்பையிலிருந்து நேராக வரும் உணவுக்கு அது தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறது.

இணைப்புக்கு அருகே புண் இருந்து எடுத்தால் ‘அல்சர் ஸ்லஃப்’, ‘கிரானுலேஷன் டிஷ்யூ’, தையல் நூலைச் சுற்றி ‘ஃபாரின் பாடி ரியாக்‌ஷன்’ போன்றவை வரும். ‘கிரானுலேஷன்’ என்பதைக் ‘கிரானுலோமா’வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், முன்னது புண் ஆறும் திசு. ‘நோ டிஸ்பிளேசியா ஆர் மேலிக்னன்சி’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். புகையும் வலிமாத்திரையும் இந்தப் புண்ணின் முதன்மைக் காரணங்கள். அமிலத்தைக் குறைக்கும் கேப்ஸ்யூலை முழுதாக விழுங்காமல் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வது பைபாஸ் செய்தவர்களுக்கு விரைவில் ஆற்றுகிறது. எந்தக் கேப்ஸ்யூல், எப்படி என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ரத்தசோகை விஷயத்தில் ஒரு வார்த்தை. பைபாஸ் செய்தவருக்கு இரும்புச்சத்து குறைவது எதிர்பார்க்கக்கூடியதே. அதை அதிகம் உறிஞ்சும் டியோடினத்தை உணவு தொடுவதில்லை. அந்தக் காரணமே எல்லாரும் வசதியாகச் சொல்லும் காரணமாகவும் ஆகிவிடுகிறது. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, அறுவையின்போது வந்த ரிப்போர்ட்டில் லிம்போசைட் கூடுதல் என்று இருந்தது என்றால், பழியை பைபாஸ் மீதே போட்டுவிடாமல் அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள். அப்போது செய்யாமல் விட்ட டிடிஜியை இப்போது செய்யலாம்.

ஸ்லைடும் பிளாக்கும்

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் காகிதத்தை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டியது ஸ்லைடை. புதுச் சாயம் போட வேண்டுமென்றால் மெழுகுக் கட்டியான பிளாக்கை. நோயாளி எழுதிக் கேட்டால் இரண்டையும் லேபில் கொடுப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், திருப்பித் தரச் சொல்வார்கள். பிளாக் வெயிலில் உருகும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ரிப்போர்ட் எண்ணும் பிளாக் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடலைப் பற்றிய எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் ஃபைலில் இவை இருக்கட்டும்: என்ன அறுவை, குடல் நீளங்கள் எத்தனை என்ற விவரம், திசு ரிப்போர்ட்டின் முழுப் பக்கங்கள், முடிவு வரி மட்டும் இல்லாமல், டிடிஜி செய்திருந்தால் அந்த முடிவு, அப்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள். சொந்த ஊரில் உள்ள டாக்டருக்கு இதன் நகலைக் கொடுத்துவையுங்கள். நள்ளிரவில் வயிற்றுவலியோடு போகும்போது உங்களை முதலில் பார்க்கப்போவது அவராகத்தான் இருக்கும். குடல் எப்படி மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் ஸ்கேனுக்கு அனுப்பத் தாமதிக்க மாட்டார்.